ஸ்ட்ரைப்பர் பேண்ட் சாமிய விட்டதாலதான் விழுந்துச்சா?

கேள்வி: மஞ்ச கருப்பு கோடு போட்ட டிரஸ்ல பாடுவாங்களே, ஸ்ட்ரைப்பர்னு ஒரு கிறிஸ்டியன் ராக் பேண்ட், அவங்க பாட்டுல இருந்து இயேசுவ எடுத்ததாலதான் பேண்டே அழிஞ்சு போச்சுன்னு எங்க சபைல சொல்றாங்க. உண்மையா?

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், அதனால நடுநடுல பாஸ்காரன் பொலம்பல் வரும், பொறுத்துக்கோங்க. ரெண்டாவது, நீங்க கேள்விப்பட்ட கதைய மைக்கப் புடிச்சு சொன்னவன்ல நானும் ஒருத்தன். 1994, ராயபுரத்துல ஒரு வாலிபர் கூட்டம், "அவங்க கர்த்தர விட்டாங்க, கர்த்தர் அவங்கள விட்டாரு"ன்னு நான் சொன்னதும் பின்னாடி வரிசைல இருந்து அல்லேலூயா சத்தம், எனக்கு அன்னிக்கு தலகால் புரியல. இப்ப வயசு 53 ஆகுது. சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

எனக்கு அந்த பேண்ட் வந்து சேர்ந்தது 1988ல. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல எங்கப்பாவோட வேலை பாத்த ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் இருந்தாரு, அவரு அக்கா குடும்பம் ஆஸ்திரேலியாவுல, அங்கருந்து கிறிஸ்மஸ் சமயத்துல சாக்லேட்டோட ரெண்டு மூணு கேசட்டும் வரும். நான் பர்மா பஜார்ல ஒரு பிளாங்க் கேசட் வாங்கி அவருகிட்ட குடுத்தேன், அவரு டபுள் டெக்ல காப்பி போட்டுக் குடுத்தாரு, ஒரிஜினல் கவர மட்டும் ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துனு போக விட்டாரு. எங்க ஆயா அந்தக் கவர கண்ணுக்கு கிட்ட வெச்சுப் பாத்துட்டு "இன்னாடா இது, அல்லா பண்டிகைக்கு புலி வேசம் கட்டினு வர்ற மாரி நிக்கறானுங்கோ, இவனுங்களா ஏசு சாமி பாட்டு பாடறானுங்கோ"ன்னுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த பேண்டப் பத்தி நான் படிச்ச விமர்சனத்துல எதுவும் அந்த அளவுக்கு கரெக்டா இல்ல.

அந்த மஞ்ச கருப்புக்கு ஒரு வசனம் இருக்கு. ஏசாயா 53:5, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". இங்கிலீஷ் பைபிள்ல தழும்புங்கற இடத்துல ஸ்ட்ரைப்ஸ்னு இருக்கும், சவுக்கால அடிச்சா உடம்புல ஏறுற வரி, சட்டைல போடற கோட்டுக்கும் அவங்களுக்கு அதே வார்த்தைதான். நாம தமிழ்ல படிச்சா இந்த விளையாட்டே புரியாது, நமக்கு தழும்பு வேற கோடு வேற. ட்ரம்ஸ் வாசிக்கிற ராபர்ட் ஸ்வீட்டுக்கு அந்த மஞ்ச கருப்பு வரி மேல பைத்தியம், பேரும் வசனமும் அதோட வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்ன பேண்ட் பேரு ராக்ஸ் ரெஜிம், கலிஃபோர்னியா ஆரஞ்சு கவுண்டி பசங்க, ராபர்ட்டும் பாடகரான அவர் தம்பி மைக்கேல் ஸ்வீட்டும், கூட ஆஸ் ஃபாக்ஸ் கிட்டாரு, டிம் கெய்ன்ஸ் பாஸ். லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புல மத்த பசங்க மாதிரியே முடிய ஊதிவிட்டுக்கினு வாசிச்சவங்க, 1983 வாக்குல மனசு மாறி பாட்டு வரிய எல்லாம் மாத்தி எழுதி ஸ்ட்ரைப்பர் ஆனாங்க. எனிக்மாங்கற கம்பெனி எடுத்துக்கிச்சு. எனிக்மா சர்ச் கம்பெனி இல்ல, சாதாரண ராக் ரெக்கார்ட் கம்பெனி, இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கிறிஸ்டியன் ராக்க இவங்க கண்டுபுடிக்கல. லாரி நார்மன் 1969லயே ஆல்பம் போட்டுட்டாரு, பெட்ராவும் ரெசரக்ஷன் பேண்டும் 1972ல ஆரம்பிச்சவங்க. ஆனா அவங்க பெரும்பாலும் விசுவாசிகளுக்கு வாசிச்சாங்க. ஸ்ட்ரைப்பர் சிகரெட் புகைக்குள்ள நின்னு வாசிச்சாங்க, பாட்டு முடிஞ்சதும் புதிய ஏற்பாட்ட கட்டுக்கட்டா கூட்டத்துக்குள்ள தூக்கி வீசினாங்க. இதக் கேட்டதும் எங்கம்மாவுக்கு வந்த கோவத்த பாத்திருக்கணும். அவங்க நீள முடி அம்மாவுக்கு பிரச்சனையே இல்ல, வேதத்தத் தூக்கி எறியறதா, கீழ விழுந்து எவன் காலாவது படாதா, புஸ்தகத்துல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற வீடு எங்களுது. அங்க அத அவமரியாதைன்னு பாக்கலியான்னு கேட்டா, பாத்தாங்க, ஆனா வேற காரணத்துக்கு.

இங்கதான் ஜிம்மி ஸ்வாகர்ட் வர்றாரு. டிவில பிரசங்கம் பண்ற பெரிய ஆளு, அமெரிக்கால கோடிக்கணக்குல காசு புரண்ட ஊழியம். ஸ்வீட் குடும்பம் 1975ல ரட்சிக்கப்பட்டதே இவரோட டிவி நிகழ்ச்சிய பாத்துத்தான், மைக்கேலுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அதே ஸ்வாகர்ட் பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு கிறிஸ்டியன் ராக்கே ஆட்டுத்தோல் போத்தின ஓநாய்னு புஸ்தகம் போட்டாரு, பைபிள வீசறது பன்றிங்க முன்னாடி முத்த போடறதுன்னு ஸ்ட்ரைப்பர தாளிச்சாரு. இவரால இயேசுகிட்ட வந்த பசங்களையே இவரு இப்படித் திட்டினாரு. இத்தனைக்கும் ராக் அண்ட் ரோல் ஆரம்பிச்சு வெச்சவங்கள்ல ஒருத்தரான ஜெர்ரி லீ லூயிஸ் இவரு சொந்தக்காரரு, சித்தப்பா பெரியப்பா பசங்க மாதிரி ஒண்ணா வளந்தவங்க. 1988 பிப்ரவரில ஸ்வாகர்ட்டே பொம்பள விவகாரத்துல மாட்டி டிவி முன்னாடி கண்ணீர் விட்டு அழுதாரு, அடுத்தவன் கண்ணு துரும்பு தெரியும், தன் கண்ணு உத்திரம் தெரியாதுங்கற வசனத்த நான் சொல்லல, 2025ல அவரும் போய்ட்டாரு.

சரி, ஏறுமுகம் எப்படின்னு வேகமா சொல்லிடறேன், இதெல்லாம் எங்க வேணா கிடைக்கும். 1984ல 'தி எல்லோ அண்ட் பிளாக் அட்டாக்', சின்ன ரெக்கார்டு. 1985ல 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்', அது கோல்டு, அதாவது அமெரிக்கால அஞ்சு லட்சம். 1986 அக்டோபர்ல 'டு ஹெல் வித் தி டெவில்', பிளாட்டினம், பத்து லட்சம், எம்டிவில நேயர் விருப்பத்துல இவங்க பாட்டு முன்னாடி நின்னுச்சு, 'ஆனஸ்ட்லி'ங்கற மெதுவான பாட்டு பில்போர்டுங்கற அமெரிக்க ஹிட் பாட்டு லிஸ்ட்ல 23 வரைக்கும் ஏறுச்சு. அந்த ஆல்பம் கவர்ல நாலு தேவதூதருங்க சாத்தான நெருப்புக் குழில தள்ளற மாதிரி படம், அதுலயும் சண்டை வந்து அப்பறம் வெறும் கருப்புக் கவரா மாத்தினாங்க. சாத்தான அடிக்கிற படத்துக்கே சாத்தான ஏன் காட்டினன்னு கேட்டாங்க, எங்க ஊரு தணிக்கை மாதிரிதான்.

இப்ப பாஸ்காரன் பொலம்பல். பத்து லட்சம் வித்த அந்த ஆல்பத்துல பாஸ் வாசிச்சது டிம் கெய்ன்ஸ் இல்ல. பிராட் காப்னு ஒருத்தரு ஸ்டுடியோக்கு வந்து வாசிச்சுட்டுப் போய்ட்டாரு. ரெக்கார்டிங் சமயத்துல டிம் பேண்ட்ல இல்ல, அப்பறம் திரும்பி வந்தாரு, போட்டோல நிக்கறது அவருதான். 1988ல வந்த அடுத்த ஆல்பத்துலயும் பிராட் காப்தான் வாசிச்சாரு. நான் வருஷக்கணக்கா டிம் கெய்ன்ஸ் வாசிப்புன்னு நெனச்சு ஒவ்வொரு நோட்டா ரிவைண்ட் பண்ணி ரிவைண்ட் பண்ணிக் கத்துக்கிட்டது வேற ஒருத்தரோட விரல். லைட் மியூசிக்ல இருபத்தஞ்சு வருஷம் இருந்தவன் நான், பாஸ்காரன் மாறினா மேடைல ஒருத்தனுக்கும் தெரியாது, மாறலன்னாலும் தெரியாது.

எங்க கதைக்கு வரேன். 1991 டிசம்பர்ல நாங்க நாலு பேரு, ஒரு சின்ன சபை, வாலிபர் நிகழ்ச்சில பதினஞ்சு நிமிஷம் குடுத்தாங்க. ஸ்ட்ரைப்பர் பாட்டு வாசிக்கிற அளவுக்கு எங்களுக்கு கை வராது, அதனால ஒரு பழைய கீர்த்தனைய எடுத்துக்கிட்டோம், கிட்டாருக்கு சத்தத்த கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் பெடல் இரவல் வாங்கினோம், மஞ்ச சட்டைல கருப்பு டேப் ஒட்டிக்கினோம் (ஆயா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு). ரெண்டாவது சரணம் கூட போகல, சபை மூப்பர் ஒருத்தர் எழுந்து நேரா சுவத்துக்குப் போய் மெயின ஆஃப் பண்ணிட்டாரு. கிட்டாரும் பாஸும் அப்படியே செத்துச்சு. ட்ரம்ஸ்க்கு கரண்ட் தேவையில்லையே, என் ஃபிரண்டு பழக்கதோஷத்துல இன்னும் ரெண்டு பார் அடிச்சுட்டான். மூப்பர் அவனப் பாத்து சொன்னாரு, "தம்பி, இது சபை. சாவு மேளம் அடிக்கறதுன்னா தெருவுல போய் அடி".

அவன் புளியந்தோப்பு பையன். அவங்கப்பா நெஜமாவே சாவுக்கு மேளம் அடிக்கிறவரு. அது மூப்பருக்குத் தெரியும்.

நான் அப்ப நெனச்சேன், ராக் மியூசிக் புடிக்காததால திட்டறாருன்னு. பல வருஷம் அப்படியேதான் சொல்லிக்கினும் இருந்தேன், "எங்களையும் ஸ்வாகர்ட் மாதிரி ஒருத்தரு திட்டினாரு"ன்னு கொஞ்சம் பெருமையாவே. ஆனா ஸ்வாகர்ட் திட்டினது வேற, இது வேற. அங்க சத்தம் எந்த உலகத்துல இருந்து வருதுங்கறது பிரச்சனை, இங்க எந்த தெருவுல இருந்து வருதுங்கறது பிரச்சனை. நம்ம கிறிஸ்தவப் பாட்டு வரலாறே அப்படித்தான், தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக மெட்டுல இயேசுவ பாடினாரு, அவரு 1774ல பொறந்து 1864ல இறந்தவரு, அந்த மெட்டு இன்னிக்கு எல்லா சபைலயும் பூர்வீக சொத்து மாதிரி ஆயிடுச்சு. ஆனா பறை மேளத்த சபைக்குள்ள கொண்டு வர்றதுக்கு 20ஆம் நூற்றாண்டு கடைசில மதுரை இறையியல் கல்லூரில தியோபிலஸ் அப்பாவு மாதிரி ஒருத்தரு மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. அவர எங்களுக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா ஸ்ட்ரைப்பருக்கு பதிலா அவரக் காப்பி அடிச்சிருப்போமான்னா, மாட்டோம், எங்களுக்கு நீள முடிதான் வேணும்.

என் ஃபிரண்டு அன்னிக்கு ஸ்டிக்க பைல போட்டுக்கினு போனவன், அப்பறம் எந்த சபைக்குள்ளயும் வாசிக்கல. கானா கச்சேரில டோலக் அடிக்க ஆரம்பிச்சு நல்ல பேரு வாங்கினான். நான் மட்டும் அடுத்த வாரமே ஒழுங்கா தலை சீவிக்கினு போய் அதே சபைல உக்காந்தேன். மூணு வருஷம் கழிச்சு வாலிபர் கூட்டத்துல ஸ்ட்ரைப்பர் விழுந்த கதைய நான் அவ்ளோ ஆவேசமா சொன்னதுக்குக் காரணம் இதுதான்னு இப்ப தோணுது. நான் விட்டுட்டு வந்தது சரின்னு எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்துச்சு. "பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்"னு வசனம் வேற படிச்சேன், புலி வேஷம் ஞாபகம் வந்து நடுல சிரிப்பு வந்துடுச்சு.

இப்ப உங்க கேள்வி. 1990ல என்ன நடந்துச்சு? 'அகெய்ன்ஸ்ட் தி லா'ன்னு ஆல்பம் போட்டாங்க, மஞ்ச கருப்பு போச்சு, கருப்பு லெதர் வந்துச்சு, பாட்டுல இயேசு பேரு இல்ல, எர்த் விண்ட் அண்ட் ஃபயர்ங்கற வேற பேண்டோட ஒரு பாட்ட எடுத்துப் பாடினாங்க. முன்ன மாதிரி விக்கல. 1992ல மைக்கேல் வெளில போனாரு, மிச்சம் மூணு பேரும் கொஞ்ச நாள் இழுத்துப் பாத்து கலைஞ்சாங்க. இத மட்டும் பாத்தா உங்க சபைக் கதை கச்சிதமாதான் இருக்கு. குடிப்பழக்கமும் அந்த சமயத்துல உள்ள வந்துடுச்சு, மைக்கேலே பிற்பாடு மறைக்காம சொல்லியிருக்காரு. அத நான் இல்லன்னு சொல்லல.

ஆனா விற்பனை எப்ப எறங்க ஆரம்பிச்சதுன்னு பாருங்க. 1986 ஆல்பம் பிளாட்டினம், 1988 ஆல்பம் வெறும் கோல்டு. அந்த 1988 ஆல்பத்தோட பேரே 'இன் காட் வி ட்ரஸ்ட்', கடவுள நம்பறோம்! மஞ்ச கருப்பு இருந்துச்சு, வசனம் இருந்துச்சு, பைபிள் வீசறது இருந்துச்சு, எறக்கமும் அப்பவே ஆரம்பிச்சிடுச்சு. அடுத்தது, அதே ரெண்டு மூணு வருஷத்துல முடிய ஊதிவிட்டு இறுக்கமான ஸ்பாண்டெக்ஸ் கால்சட்டை போட்ட அத்தனை ராக் பேண்டும் சேந்து விழுந்துச்சு, 1991 செப்டம்பர்ல நிர்வாணாங்கற பேண்டோட 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தப்பறம் எம்டிவிக்கு அந்த மூஞ்சிங்களே வேணாம்னு ஆயிடுச்சு. பொண்ணு, பாட்டில்னு பாடினவங்களுக்கும் அதே கதிதான். கர்த்தர் கைவிட்டாருன்னா அவங்கள யாரு கைவிட்டது? மூணாவது அந்த எனிக்மா கம்பெனி, அது அந்த சமயத்துலயே ஆட்டம் கண்டு படுத்துடுச்சு, 1991ல வந்த பழைய பாட்டுத் தொகுப்பு வேற கம்பெனில இருந்துதான் வந்துச்சு. ஆல்பத்த கடைக்குக் கொண்டு போற ஆளு கவுந்தா நீ பரலோகத்துப் பாட்டு பாடினாலும் கடைக்குப் போய்ச் சேராது. நான் சவுண்ட் சர்வீஸ் வெச்சு பத்து வருஷம் ஆகுது, இதெல்லாம் கைக்காசு போட்டாதான் புரியுது, அதுவரைக்கும் எல்லாமே ஆவிக்குரிய விஷயமாத்தான் தெரியும்.

என் கணக்குப்படி 1990 ஆல்பத்தோட உண்மையான தப்பு சாமிய எடுத்தது இல்ல, யாருக்கு வாசிக்கறோம்னு தெரியாமப் போனது. சபைக்காரங்க ஏற்கனவே ஏழு வருஷமா திட்டினு இருந்தாங்க, ராக் பத்திரிகைக்காரங்க ஏழு வருஷமா சிரிச்சுனு இருந்தாங்க, நடுவுல ஒரு கூட்டம் ரெண்டு பேரையும் மதிக்காம மஞ்ச சட்டை போட்டுக்கினு வந்துச்சு பாருங்க, அந்தக் கூட்டத்தத்தான் லெதர் போட்டு ஏமாத்தினாங்க. மியூசிக்கா கேட்டா அது நல்ல ஆல்பம், கிட்டாரெல்லாம் முன்னவிட சதைப்பிடிப்பா இருக்கும். இதச் சொன்னா எனக்கு அடி விழும்.

அப்பறம் முக்கியமானது, "அழிஞ்சு போச்சு"ங்கறதே தப்பு. 2003ல திரும்ப ஒண்ணா சேந்தாங்க. 2005ல 'ரீபார்ன்', அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் நிக்கவே இல்ல. மொத இன்னிங்ஸ் ஒம்போது பத்து வருஷம், ரெண்டாவது இருபது வருஷத்தத் தாண்டிடுச்சு, 1994ல நான் அடக்கம் பண்ணின பொணம் எழுந்து என்னவிட நல்லா ஓடினு இருக்கு. நடுவுல மைக்கேல், பாஸ்டன் பேண்டோட பாடகர் 2007ல இறந்தப்பறம், அங்கயும் போய் சில வருஷம் பாடினாரு. 2009ல அவர் மனைவி கேன்சர்ல இறந்தாங்க. 2018ல ஆஸ் ஃபாக்ஸ் மேடைல வாசிக்கிறப்பவே ஃபிட்ஸ் வந்து, மூளைல கட்டின்னு கண்டுபுடிச்சாங்க, ஆபரேஷனெல்லாம் ஆகி திரும்ப வந்து வாசிக்கிறாரு. மறுபடி மஞ்ச கருப்பு போட்டாங்க, வயசுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கம்மியா. அதே 2018ல 'காட் டாம் ஈவில்'னு ஆல்பம், கடவுளே தீமைய அழியும்னு ஜெபமா வெச்ச பேரு, ஆனா இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தை மாதிரியும் கேக்கும், அமெரிக்கால வால்மார்ட்டு கடைல அந்தப் பேரோட விக்க மாட்டோம்னுட்டாங்க. முப்பத்திரெண்டு வருஷம் முன்ன கவர மாத்தின அதே பஞ்சாயத்து! 2020, 2022, 2024னு அப்பறமும் ஆல்பம் வந்துட்டுதான் இருக்கு.

இந்த ரெண்டாவது இன்னிங்ஸ்ல அவங்க யாருக்கும் பெரிய ஸ்டாரு இல்ல. ஸ்டேடியம் கிடையாது, சின்ன ஹாலு, ஆளுக்கு ஒரு சைடு வேலை, மைக்கேலுக்கு சோலோ ஆல்பம், வேற பேண்டு. எங்க லைட் மியூசிக் ட்ரூப்புங்க மாதிரியேதான், சீசனுக்கு சீசன் ப்ரோக்ராம், மத்த நாள் பொழப்பு. எனக்கு அதுதான் அவங்க மேல நெஜமா மரியாதை வந்த எடம்.

அந்த சபைல இப்ப எல்இடி ஸ்க்ரீன் இருக்கு, ட்ரம்ஸ சுத்தி கண்ணாடி தடுப்பு இருக்கு, ஞாயித்துக்கிழமை கிட்டார்ல டிஸ்டார்ஷன் போடறான் ஒரு பையன், போன ஈஸ்டருக்கு சவுண்ட் என்னோடதுதான். மூப்பர் இப்ப இல்ல. என் ஃபிரண்டுக்கு போன் பண்ணி "வாடா, ஒரு தபா வந்து வாசிச்சுட்டுப் போ, நான் மெயின் பக்கத்துலயே நிக்கறேன்"ன்னேன். "எனக்கு அன்னிக்கு நைட்டு ப்ரோக்ராம் கீதுபா"ன்னான், இருந்துச்சான்னு நான் கேக்கல.

நீங்க கேக்க ஆரம்பிக்கறதா இருந்தா 2013ல வந்த 'நோ மோர் ஹெல் டு பே'ல இருந்து ஆரம்பிங்க, அது புடிச்சா 1986க்குப் போங்க, அதுவும் புடிச்சா யாருக்கும் சொல்லாம 1990ஐக் கேளுங்க. 1986 ஆல்பத்த ஹெட்போன் போட்டுக் கேளுங்க, அடில ஒரு பாஸ் ஓடும், அது பிராட் காப். சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோங்க.